மேம்படுத்தச் சொல்பவர்கள் மீளவும் வழி விடட்டும்!

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளியாகிப் பத்தாண்டுகள் உழைத்த இயங்குதளம் அது. அந்தத் தேதி நெருங்கியபோதும் கடந்த பிறகும், கணக்கர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், பள்ளி அலுவலகங்கள், கிளினிக்குகள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் என ஏராளமானோர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். பலருக்குச் சிக்கல் இல்லை. ஒரு பகுதியினருக்கோ அதுவரை ஒழுங்காக ஓடிய கணினி, மாறிய மறுநாளே நடுவழியில் நின்றது. மவுஸ் அம்பு அசையவில்லை. விசைப்பலகை பதில் சொல்லவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு தீர்ப்புதான் கிடைக்கும். ஒன்று, “ஃபார்மட் போட்டுடலாம் சார்.” இன்னொன்று, “சிஸ்டம் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க.” முதல் தீர்ப்பில் கோப்புகள் போகின்றன, இரண்டாவதில் பணம் போகிறது. நேற்றுவரை ஓடிய கணினி இன்று ஏன் நின்றது என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை. குற்றம் கணினியின் மீதோ உரிமையாளரின் மீதோ விழுந்துவிடுகிறது. மாற்றத்தை அனுப்பியவர் விசாரணைக்கே வருவதில்லை.

உறைவது ஏன்?

இயங்குதளம் தனியாக வேலை செய்வதில்லை. திரை, வட்டு, வைஃபை, பிரிண்டர் என ஒவ்வொரு வன்பொருளோடும் பேசுவதற்கு ‘டிரைவர்’ எனப்படும் சிறு நிரல்கள் உண்டு. இயங்குதளத்தின் மையப் பகுதி மாறும்போது, பழைய மையத்துக்காக எழுதப்பட்ட டிரைவர்கள் சில அப்படியே தொடர்கின்றன. சிலவற்றின் இடத்தில் பொதுவான டிரைவர்கள் வந்து அமர்கின்றன. ஒரு டிரைவர் தன் வன்பொருளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, அந்தப் பதில் வராமலே போனால், அதை நம்பியிருக்கும் மற்ற எல்லாமும் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது ‘ஹேங்’.

இது ஊகம் அல்ல. 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-இன் ஆண்டுநிறைவுப் பதிப்பு வந்தபோது, இயங்குதளத்தை எஸ்எஸ்டி வட்டிலும் செயலிகளையும் தரவுகளையும் வேறொரு வட்டிலும் வைத்திருந்த கணினிகள் உறைந்தன. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டது, திருத்தமும் வெளியிட்டது. 2018 ஏப்ரல் பதிப்பு வந்தவுடன் குரோம் உலாவியைத் திறந்தாலே சில கணினிகள் நின்றுபோயின. அதற்கும் மே மாதம் திருத்தம் வந்தது. இரண்டு நிகழ்விலும் உரிமையாளர் தவறேதும் செய்யவில்லை, கணினியும் கெட்டுப்போகவில்லை.

இன்னொரு நிகழ்வு இதைவிட விசித்திரமானது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு கட்டாயம். ஏஎம்டி செயலி கொண்ட பல கணினிகளில் தனிச் சில்லு இல்லாமல் பயாஸ் மென்பொருள் வழியாகவே அது இயங்கும். அந்தக் கூறு தன் நினைவகத்தில் எழுதிப் படிக்கும் நேரங்களில் கணினி முழுவதும் கணநேரம் திக்கி நின்றது. ஏஎம்டி நிறுவனம் 2022 மார்ச்சில் இதை உறுதிசெய்து, பயாஸ் திருத்தம் வருமென அறிவித்தது. பாதுகாப்புக்காகக் கட்டாயமாக்கிய கூறே திணறலுக்குக் காரணமாக இருந்தது. விவரம் தெரியாதவர் அதற்குள் ரேமை மாற்றியிருப்பார், வட்டை மாற்றியிருப்பார்.

கண்டுபிடிக்கும் முறை

உறையும் கணினியில் காரணத்தைத் தேட நிபுணராக இருக்கத் தேவையில்லை, ஒழுங்கு வேண்டும். குழம்பு கெட்டுவிட்டது என்று உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கெடுத்தது எது என்று கடைசிவரை தெரியாது. இங்கும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்.

எதையும் தொடும் முன் கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். கூடவே, ‘பிட்லாக்கர்’ மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே வட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பயாஸில் கைவைத்த பிறகு அந்த 48 இலக்க எண்ணைக் கணினி கேட்டால், இல்லாதவருக்குத் தன் கோப்புகளே எட்டாமல் போகும்.

அடுத்து, உறைவது எந்த வகை என்று பார்க்க வேண்டும். நின்ற நிலையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. திரை மட்டும் நின்றிருக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். 2018 குரோம் சிக்கலின்போது மைக்ரோசாஃப்டே பரிந்துரைத்த வழி இது. விளக்கும் அசையவில்லை என்றால் சிக்கல் ஆழமானது. நின்று நின்று தானே மீள்கிறது என்றால் வட்டின் மீது சந்தேகம் கொள்ளலாம். மாறிய முதல் ஓரிரு நாள்களில் கோப்புகளை அட்டவணைப்படுத்துவது, வைரஸ் தேடுவது, மிச்சத் திருத்தங்களை இறக்குவது எனப் பின்னணியில் வேலைகள் நடக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினி அப்போது திணறுவது இயல்பு. அதை உறைதலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலையை வட்டில் சேமித்துவைத்து மறுமுறை அதையே எடுத்துத் தருகிறது. பழைய கோளாறும் அதோடு சேர்ந்து திரும்பும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். அந்த வசதியை நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத முதல் சோதனை.

அடுத்தது ‘சேஃப் மோடு’. மிகக் குறைந்த டிரைவர்களோடு கணினி எழும் நிலை இது. அதில் மணிக்கணக்கில் உறையாமல் ஓடினால் ரேம், வட்டு, மதர்போர்டு பெரும்பாலும் நிரபராதிகள். சந்தேகம் டிரைவர்கள் மீதும் பிறர் தயாரித்த வைரஸ் தடுப்பு நிரல்கள் மீதும் திரும்பும். வைரஸ் தடுப்பை நீக்கிப் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போடலாம். அல்லது ‘டிவைஸ் மேனேஜர்’ வழியாக முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். சேஃப் மோடிலும் உறைந்தால் ரேம் சோதனை, வட்டின் ஆரோக்கியச் சோதனை, வெப்பம் என்று வன்பொருள் பக்கம் போக வேண்டும். இயங்குதளத்தை மாற்றும்போது வட்டில் பல ஜிபி அளவுக்கு எழுதிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த வட்டு அந்தச் சுமையில் தன் நோயைக் காட்டிவிடுவதும் உண்டு. எல்லாப் பழியையும் புதிய பதிப்பின் தலையில் போடுவதும் நியாயம் ஆகாது.

‘ஈவென்ட் வியூவர்’ பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளை போய்விட்டது என்று அதை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. உறைந்த கணினியின் பொத்தானை அழுத்தி நீங்கள் அணைத்ததைத்தான் அது பதிந்துவைத்திருக்கிறது. காரணத்தை அதற்கு முந்தைய வரிகளில் தேட வேண்டும். அல்லது எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது விழுந்தது என்பதை நாள்வாரியாகக் காட்டும் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ பக்கத்தில் பார்க்க வேண்டும்.

பத்து நாள் கணக்கு

இவை எதிலும் விடை கிடைக்காவிட்டால் முந்தைய பதிப்புக்கே திரும்பிப் பார்க்கலாம். உண்மையில் இதுதான் ஆகச் சிறந்த சோதனை. பழைய பதிப்பில் ஓடுகிறது, புதியதில் நிற்கிறது என்றால் காரணம் எங்கே என்பதில் வாதத்துக்கு இடமில்லை. மாற்றத்தின்போது பழைய இயங்குதளம் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் பத்திரமாக இருக்கும். ‘கோ பேக்’ பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடலாம். ஆனால், பத்தே நாள். அதற்குப் பிறகு அந்தக் கோப்புறை தானாக அழிக்கப்படும். பொத்தானும் வேலை செய்யாது.

இந்தக் கெடு முதலில் 30 நாளாக இருந்தது. 2016 ஆகஸ்ட் பதிப்போடு அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. கணினிகள் உறைந்த அதே பதிப்புதான்! திரும்ப நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாள்களிலேயே திரும்பிவிடுகிறார்கள், வட்டில் இடமும் மிச்சமாகும் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம்.

நம் ஊர்க் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வரி ஆலோசகர் மாதத்தின் முதல் தேதியில் புதிய பதிப்புக்கு மாறுகிறார் என்று வையுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20-ஆம் தேதி என்பது மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கான வழக்கமான கெடு. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரிண்டர், கணக்கு மென்பொருள், பத்துக்கும் மேற்பட்ட உலாவிப் பக்கங்கள் என எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும் உண்மையான வேலைநாள் அவருக்கு அந்தத் தேதிகளில்தான் வருகிறது. கணினி அப்போது உறையத் தொடங்கும்போது திரும்பும் வழி மூடியிருக்கும். ஆய்வக நாளில் மட்டும் கணினியைத் திறக்கும் பள்ளிக்கும், மாதக் கடைசியில் மட்டும் பட்டியல் அடிக்கும் சிறு தொழிற்கூடத்துக்கும் இதே நிலைதான். எப்போதாவது உறையும் கோளாறு, காலண்டர் பார்த்துப் பத்து நாளுக்குள் வருவதில்லை.

கெடுவை நீட்டிக்க முடியாதா? முடியும். ‘கமாண்ட் பிராம்ப்ட்’ கருந்திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் திரும்பும் காலத்தை 60 நாள் வரை நீட்டிக்கலாம். அந்த வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. நிர்வாகிகளுக்குத் தெரிந்த அந்தக் கட்டளை, ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ஒரு சாதாரணப் பொத்தானாக இல்லை, அவ்வளவுதான். ஆகவே, பத்து நாள் என்பது தொழில்நுட்பத்தின் எல்லை இல்லை, நிறுவனம் எடுத்த முடிவு.

மற்றவர்கள் இதைவிடத் தாராளமாக நடந்துகொள்கிறார்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளில் புதிய மையப் பகுதி வந்த பிறகும் முந்தையது தொடக்கப் பட்டியலில் காத்திருக்கும். புதியது நின்றால் பழையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பலாம். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இயங்குதளத்தை இரண்டு தனித்தனி இடங்களில் வைத்து, புதியது எழவில்லை என்றால் தானாகப் பழையதற்குத் திரும்பும் ஏற்பாடு இருக்கிறது. குரோம்புக்கிலும் அதே முறைதான். மாற்றம் தோற்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைத்த ஏற்பாடுகள் இவை.

மறுதரப்பு நியாயம்

திருத்தங்களே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அல்ல. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ பணயத் தாக்குதல் உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். எண்ணற்ற நிறுவனங்களின் வன்பொருள்களை எல்லா விதச் சேர்க்கைகளிலும் முன்கூட்டியே சோதிப்பது யாராலும் ஆகாது என்பதும் உண்மை. சிக்கல் தெரிந்த கணினிகளுக்குப் புதிய பதிப்பை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் தடுப்பு முறையை மைக்ரோசாஃப்ட் இப்போது கையாள்கிறது. 2024-இல் வந்த பதிப்பில் ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசை விளையாட்டுகள் நின்றுபோவது தெரிந்ததும், அவை நிறுவப்பட்டிருந்த கணினிகளுக்குப் பதிப்பு அனுப்பப்படவில்லை. பாராட்ட வேண்டிய நடைமுறை இது.

ஆனால், பாதுகாப்புத் திருத்தம் வேறு, இயங்குதளத்தையே மாற்றுவது வேறு. முதலாவது தடுப்பூசி போல அவசரம் என்றால் இரண்டாவதில் அந்த அவசரம் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘பாதுகாப்பு வேண்டுமென்றால் மாறு’ என்று சொல்லும்போதுதான் உறையும் கணினிகளும் குப்பைக்குப் போகும் கணினிகளும் பெருகுகின்றன. விண்டோஸ் 10 ஆதரவு முடிவதால் சுமார் 24 கோடிக் கணினிகள் மின்குப்பையாகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. 2017-க்கு முந்தைய இன்டெல் செயலிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

அழுத்தம் கொடுத்தால் இந்த மூட்டை அவிழும் என்பதை ஐரோப்பா காட்டியது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் பெற, பிற நாட்டவர் 30 டாலர் கட்ட வேண்டும்; இல்லையெனில், தங்கள் அமைப்புகளை நிறுவனத்தின் மேகச் சேமிப்பில் ஏற்றவோ வெகுமதிப் புள்ளிகளைக் கொடுக்கவோ வேண்டும். ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் மட்டும், நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டதும், கட்டணமும் இல்லை, மேகச் சேமிப்பு நிபந்தனையும் இல்லை, கணக்கில் நுழைந்தால் போதும் என்று மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. கணினி ஒன்றுதான், திருத்தமும் ஒன்றுதான். கேள்வி கேட்க அங்கே ஆள் இருந்தது.

சட்டம் தலையிட்ட இடங்கள்

ஐபோனிலும் சாம்சங் நோட் 4 கைபேசியிலும் மென்பொருள் திருத்தங்கள் செயல்பாட்டை மந்தமாக்கின என்று கண்டறிந்த இத்தாலியின் போட்டி ஆணையம், 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. திருத்தத்தால் வேகம் குறையலாம் என்பதைப் பயனாளிகளுக்குச் சொல்லாததற்காக 2020-இல் பிரான்ஸில் ஆப்பிள் 2.5 கோடி யூரோ செலுத்தியது. கலிஃபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், தானாக இறங்கிய விண்டோஸ் 10 தன் அலுவலகக் கணினியை முடக்கிவிட்டது என்று சிறுவழக்கு நீதிமன்றம் போய் 10,000 டாலர் இழப்பீடு பெற்ற செய்தி 2016-இல் வெளியானது. வழங்கிய டிஜிட்டல் சேவையைப் பின்னர் மாற்றி அதன் பயன்பாட்டைக் கெடுத்தால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை நுகர்வோருக்குத் தருகிறது.

இந்தியாவிலும் கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. ஐஓஎஸ் 18 திருத்தத்துக்குப் பிறகு ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்தன. அதையடுத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பதாக 2025 ஜனவரியில் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். கைபேசிக்குக் கேட்ட கேள்வியைக் கணினிக்கும் கேட்கலாம். 1915 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிவதற்கு, உறைந்த தேதி, பதிப்பின் எண், செய்து பார்த்த சோதனைகள் ஆகியவற்றைக் குறித்துவைத்திருந்தால் போதும். மேலே சொன்ன சோதனை முறையின் இன்னொரு பயன் இது. ‘சிஸ்டம் ஹேங் ஆகுது’ என்பது புலம்பல். ‘சேஃப் மோடில் நிற்கவில்லை, பழைய பதிப்பில் நிற்கவில்லை, புதியதில் மட்டும் நிற்கிறது’ என்பது சாட்சியம்.

அரசும் இதில் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. பெரிய வாடிக்கையாளரே அரசுதான். தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக மாநில அரசு நிறுவனமான எல்காட் லட்சக்கணக்கான கணினிகளைக் கொள்முதல் செய்திருக்கிறது. இவ்வளவு மொத்தமாக வாங்குபவரின் ஒப்பந்தப் புள்ளியில் எழுதப்படும் நிபந்தனையை எந்த நிறுவனமும் அலட்சியப்படுத்தாது. கேரளம் வேறு வழியில் போனது. அங்கே அரசு நிறுவனமான ‘கைட்’, பள்ளிகளுக்கென லினக்ஸ் அடிப்படையில் தனக்கான இயங்குதளத்தைத் தொகுத்துத் தருகிறது. புதிய பதிப்புக்கு எப்போது மாறுவது என்பதைப் பாடத்திட்டத்துக்கும் பள்ளி நாள்காட்டிக்கும் ஏற்ப அவர்களே முடிவுசெய்ய முடிகிறது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் நம் கையருகே இருந்தும், அப்படியொரு தொடர்ச்சியை நாம் உருவாக்கிக்கொள்ளவில்லை.

கேட்க வேண்டியவை

கோரிக்கைகள் எளியவை. முந்தைய பதிப்புக்குத் திரும்பும் காலம் இயல்பாகவே 60 நாளாக இருக்க வேண்டும். வட்டில் இடம் போதாதவர் வேண்டுமானால் தானே குறைத்துக்கொள்ளட்டும். இயங்குதள மாற்றத்தை மறுத்தவருக்கும் பாதுகாப்புத் திருத்தம் தனியாகக் கிடைக்க வேண்டும். ஐரோப்பியருக்குக் கொடுத்த சலுகையை இந்தியருக்கு மறுக்க நியாயம் எதுவும் இல்லை. எந்த மாடலில் எந்தச் சிக்கல் உறுதியாகியிருக்கிறது என்ற அறிவிப்பு, ‘அப்டேட்’ பொத்தானுக்கு அருகிலேயே, பயனாளியின் மொழியில் தெரிய வேண்டும். அரசு வாங்கும் கணினிகளுக்கு, உத்தரவாதக் காலத்தில் வரும் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் சோதித்த டிரைவர்களைத் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டும்.

இவற்றில் முதல் கோரிக்கைக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டளையில் 10 என்ற எண்ணை 60 ஆக மாற்றினால் போதும். நிறுவனம் தானாக அதைச் செய்யாது என்பதற்குக் கடந்த பல ஆண்டுகளே சான்று. ஐபோனுக்காக ஒரு நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த நுகர்வோர் ஆணையம், கோடிக்கணக்கான இந்தியர்களின் பிழைப்பு ஓடும் கணினிகளுக்காக இரண்டாவது நோட்டீஸை எழுத வேண்டிய நேரம் இது.